இரவுத் தும்பியும் பிளாஷ் விளக்கும்

மாரி மழையால் நிரம்பிய குளக்கரைக்கு இரவில் மின்சூளுடன் சென்று கோரைத் தண்டுகளை உற்று நோக்குவீர்களாயின், ஒருசில நாட்களிலேனும் அரியதொரு காட்சி கிட்டும். நீரில் வாழ்ந்த தும்பியின் குடம்பி தண்டில் ஏறி இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் முதுகு பிளக்கும். உள்ளிருந்து வெளிறிய, மெத்தென்ற உயிரொன்று வெளிப்படும். கசங்கிய காகிதம் போன்ற சிறகுகள் மெல்ல மெல்ல விரியும். பின்னர் உடல் இறுகி நிறம் ஏறும். இவை யாவும் நிறைவுறச் சில மணி நேரம் செல்லும்.

இதனைப் படம்பிடிக்கச் செல்வோருட் பலர், பிளாஷ் விளக்கைத் தானியங்கும் முறையில் விட்டுவிடுவர். பகலில் அது உதவக்கூடும், இங்கு உதவாது. தானியங்கும் முறை, காட்சியிலிருந்து திரும்பும் ஒளியை அளந்தே தன் வலுவைத் தீர்மானிக்கிறது. தும்பியின் பின்னே இருப்பதோ காரிருள். ஒளி போதவில்லையென எண்ணி விளக்கு மேலும் சொரிய, வெளிறிய அவ்வுயிர் சுண்ணாம்புத் துண்டெனத் தோன்றும். இதனினும் பெரிய குறையொன்று உண்டு. படத்துக்குப் படம் ஒளி வேறுபடுமாயின், நிறம் மாறியது தும்பியிலா, விளக்கிலா என்பதை எவரும் சொல்லமுடியாது. பத்துப் படங்கள் கையிலிருந்தும் அவற்றுள் ஒன்றேனும் சான்றாகாது.

ஆகவே வலுவை நாமே குறித்து நிறுத்தல் வேண்டும். கணக்கு எளிதே. ஐ.எஸ்.ஓ. 100 இல் விளக்கின் வழிகாட்டி எண் மீற்றர் அளவில் 32 எனக் கொள்வோம். வலுவை 1/16 ஆகக் குறைத்தால் அவ்வெண் 8 ஆகும். விளக்குக்கும் தும்பிக்கும் இடையே அரை மீற்றர் இருப்பின், 8 ஐ அரையால் வகுக்க வருவது 16. அதுவே வில்லையின் துவார எண். தலையை மட்டும் அதன் இயற்கை அளவிலேயே விம்பமாகப் பெற நெருங்கினால், விம்பத்தின் ஒளி நாலில் ஒன்றாகக் குன்றும். அதற்கு அஞ்சவேண்டியதில்லை. விளக்கை 25 சென்ரிமீற்றருக்குக் கொண்டுவந்தால் ஒளி நான்கு மடங்காகிக் குறை நிரம்பிவிடும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்ற பாடம், கரும்பலகையிலிருந்து இறங்கிக் குளக்கரைக்கு வரும் இடம் இதுதான்.

குறைந்த வலுவில் மற்றொரு நன்மையும் உண்டு. முழு வலுவில் ஏறக்குறைய 1/1000 செக்கன் நீடிக்கும் ஒளி, 1/16 வலுவில் பல விளக்குகளில் 1/10000 செக்கன் அளவுக்குச் சுருங்கும். காற்றில் தண்டு அசைந்தாலும் படம் கலங்காது. ஷட்டரை 1/160 செக்கனில் வைத்தாற் போதும். இருளில் உண்மையான ஷட்டர் அந்த ஒளியே.

நேரே விழும் ஒளி ஈரச் சிறகில் பளிச்சிட்டு நரம்புகளை மறைக்கும். விளக்கின் முன் வெண்ணிற மெல்லிய தாளைக் கட்டுக. தாள் ஒளியில் ஒரு பங்கை விழுங்கும். அதனை ஈடுசெய்ய எவ்வளவு வலுவைக் கூட்டவேண்டும் என்பதை, அயலிலுள்ள தண்டில் முன்னொரு தும்பி கழற்றிவிட்ட வெறுங்கூட்டை வைத்துச் சோதித்து அறிந்துகொள்க. உயிருள்ளதை வைத்துச் சோதித்தல் தகாது. விரியும் சிறகு தண்டிலோ விரலிலோ உரசினால் கோணலாகவே இறுகிவிடும். அத்தகைய தும்பி பின் செவ்வனே பறக்காது. குவியம் பார்ப்பதற்கு மின்சூளின் மங்கிய ஒளி போதும்.

விடியுமுன் தும்பி பறந்துவிடக்கூடும். தண்டில் எஞ்சிய கூட்டையும் அதே வலுவில், அதே தூரத்தில் ஒரு படம் எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து வைக்க.