கெடு நெருங்கும்போது கும்மிடிப்பூண்டி கணக்கறைகளில் என்ன நடக்கிறது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஓர் உருக்காலைக்கு ஒரு லாரி பழைய இரும்பு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை மேடையில் ஏற்றி இறக்கிச் சீட்டு வாங்கினால் ஆலைக்கு வேலை முடிந்தது. அக்கவுன்டன்டுக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. விற்றவருக்கு ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் வரியை வாங்கியவரே கட்ட வேண்டும். இருந்தால், ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டும்போது 2 சதவீதம் பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். இரண்டுமே 2024 அக்டோபர் 10 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள். சரக்கு ஆரம்பாக்கம் எல்லை தாண்டி ஆந்திரத்திலிருந்து வந்திருந்தால் ஐஜிஎஸ்டி; சென்னை வியாபாரி அனுப்பியிருந்தால் மத்திய வரி, மாநில வரி என இரண்டாகப் பிரியும். இ-வே பில் வரம்பும் மாறும்: தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய், மாநிலம் தாண்டினால் 50,000.

ஒரு லோடுக்கே இவ்வளவு. செப்டம்பர் கடைசியில் ஆடிட்டர் ஆபீஸ்களில் விளக்கு அணையாமல் எரிவதைப் பார்த்து, “வருஷம் முழுக்க என்ன செய்தார்கள்?” என்று கேட்கிறவர்கள் இங்கிருந்து பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க இதைத்தான் செய்தார்கள்.

மாத நாட்காட்டியைப் பாருங்கள். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 10-ஆம் தேதி, இரும்புக் கழிவுக்குப் பிடித்த ஜிஎஸ்டியின் கணக்கு. 11-ஆம் தேதி விற்பனைக் கணக்கு. 14-ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல் போர்ட்டலில் வரும். யார் நம் பில்லை விட்டுவிட்டார் என்று அன்றுதான் தெரியும். 15-ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டி 3பி கணக்குத் தாக்கல். ஆக, டாக்ஸ் ஆடிட் வேலைக்கு மிஞ்சுவது 21-ஆம் தேதிக்குப் பிறகான நாட்கள். அவையோ தொழிற்சாலை மாத இலக்குக்காகச் சரக்கை அனுப்பித் தள்ளும் நாட்கள். பில்லிங் மேசையில் தலை நிமிர முடியாது.

டாக்ஸ் ஆடிட் எனப்படும் வரித் தணிக்கையை 1984-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்தது. வியாபாரத்தில் ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ரூபாயைத் தாண்டினால் தணிக்கை உண்டு. ரொக்க வரவும் செலவும் தலா 5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் வரம்பு 10 கோடி. அறிக்கைக்குக் கெடு செப்டம்பர் 30. 1961 வருமான வரிச் சட்டப்படி, தவறினால் விற்றுமுதலில் அரை சதவீதம் அல்லது 1.5 லட்சம் ரூபாய், எது குறைவோ அது அபராதம். நிறுவனங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை முடிக்க வேண்டிய கடைசி நாளும் அதேதான்.

அறிக்கைப் படிவத்தில் 44 வரை எண்ணிட்ட பத்திகள் உண்டு. அவற்றில் சில இந்த வட்டாரத்தை நேராகத் தொடுகின்றன. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் பணம் எந்தத் தேதியில் கட்டப்பட்டது என்று மாதவாரியாக எழுத வேண்டும். 1961 சட்டப்படி, 15-க்குப் பதில் 16-ஆம் தேதி கட்டியிருந்தால், அந்தத் தொகையைச் செலவாகக் கழிக்க முடியாது. முதலாளியின் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உள்ளாகும். 2022 அக்டோபர் 12 அன்று செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. கடுமையான தீர்ப்புதான். ஆனால் அது தொழிலாளியின் பணம், முதலாளியிடம் ஒப்படைக்கப்பட்ட பணம் என்ற அடிப்படையை மறுக்க முடியாது.

காக்களூர் சிட்கோவில் லேத் வைத்திருப்பவருக்கு உதவ வந்தது இன்னொரு விதி. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டியதை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் தந்தாக வேண்டும். கெடு தாண்டியும் மார்ச் 31 அன்று பாக்கி நின்றால், வாங்கிய நிறுவனம் அதை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம். 2023-24 கணக்கிலிருந்து இது அமலில் இருக்கிறது. நல்ல சட்டம், சிறியவர்களின் பணம் பெரிய கம்பெனிகளில் மாதக்கணக்கில் முடங்குவது திருவள்ளூர் மாவட்டத்தின் பழைய நோய். ஆனால் அதைச் சரிபார்க்க ஒவ்வொரு சப்ளையரிடமும் அந்தப் பதிவைக் காட்டும் உத்யம் சான்று கேட்டு, ஒவ்வொரு பில்லுக்கும் நாள் எண்ண வேண்டியவர் அக்கவுன்டன்ட். மாதம் சில நூறு பில் வரும் ஆலையில் அது எத்தனை இரவு வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

2025-இல் எல்லாமே ஒன்றாக வந்து விழுந்தன. நிறுவனங்களுக்கான ஐடிஆர்-6 தாக்கல் மென்பொருள் ஆகஸ்டில்தான் கிடைத்தது. செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. வாகன உதிரிப் பாகங்கள் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு வந்ததால், அவற்றைச் செய்யும் ஆலைகளில் டேலி கணக்கு மென்பொருளில் விகிதத்தை மாற்றி, பழைய ஆர்டர்களைப் பிரித்து, திரும்பி வந்த சரக்குக்குத் தனிக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. அதே வாரத்தில்தான் தணிக்கை அறிக்கைகளும். செப்டம்பர் 24 அன்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் கெடுவை ஒரு மாதம் நீட்டிக்கச் சொன்னது. மறுநாள் மத்திய நேரடி வரிகள் வாரியம் அக்டோபர் 31 வரை நீட்டித்தது. பிறகு அக்டோபர் 29 அன்று, கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், அது நவம்பர் 10 ஆனது.

நீட்டிப்பு வந்ததே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். செப்டம்பர் 25-ஆம் தேதி வரும் நீட்டிப்பு, அதற்கு முன்பே விழித்த இரவுகளைத் திருப்பித் தராது. வேலை அக்டோபருக்குப் போனபோது அங்கே தீபாவளி போனஸ் கணக்கும், பண்டிகைக்கு முந்தைய சரக்கு அனுப்பலும் காத்திருந்தன. ஆடிட்டர் ஆபீஸின் முதுகெலும்பு ஆர்ட்டிகிள் பயிற்சி மாணவர்கள். சிஏ தேர்வுகள் செப்டம்பரிலும் நடப்பதால், கை அதிகம் வேண்டிய மாதத்தில் அவர்களில் பலர் படிப்பு விடுப்பில் இருப்பார்கள். இருப்பவர்களுக்கு அலைச்சல். திருவள்ளூர் அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறது, கும்மிடிப்பூண்டி கூடூர் பாதையில். ஒரே மாவட்டத்தின் இரண்டு கிளையன்ட்டுகளை ரயிலில் பார்க்கப் போனால், சென்னை பக்கம் வந்து மாறித்தான் போக வேண்டும்.

கடைசி முடிச்சு பல நேரம் ஆடிட்டரிடம் இருப்பதே இல்லை. அவர் அறிக்கையில் கையெழுத்திட்டு, 18 இலக்க அடையாள எண் வாங்கி, போர்ட்டலில் ஏற்றிய பிறகும் முதலாளி தன் லாகினில் நுழைந்து ஏற்றுக்கொண்டால்தான் அது தாக்கலாகும். நிறுவனம் என்றால் இயக்குநரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அதன் காலாவதித் தேதியைச் செப்டம்பர் 30 மாலையில் கண்டுபிடிக்கும் நிறுவனங்கள் உண்டு. முதலாளிகள் கையில் இருக்கும் வேலை இதுதான்: டிஜிட்டல் கையெழுத்தை முன்கூட்டியே புதுப்பிப்பது, சப்ளையர்களின் உத்யம் சான்றையும் நிலுவை உறுதிக் கடிதத்தையும் ஏப்ரலிலேயே வாங்குவது, ஒப்பந்தத் தொழிலாளர் வருகைப் பட்டியலை மாதம் பிறந்த முதல் வாரத்தில் கணக்கறைக்குத் தருவது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை.

மற்றது நேரடி வரிகள் வாரியத்தின் கையில். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், ஒரே மேசையில் முந்தைய ஆண்டின் கணக்கை 1961 சட்டப்படி முடித்துக்கொண்டே நடப்பு ஆண்டைப் புதிய சட்டப்படி எழுத வேண்டியிருக்கும். படிவமும் மென்பொருளும் தாமதமாகும் என்று தெரிந்தால் அதை முன்பே சொல்ல முடியும். தணிக்கை தேவைப்படாதவர்களுக்கு 2025 ஜூலை 31 கெடுவைச் செப்டம்பர் 15-க்குத் தள்ளும் அறிவிப்பை வாரியம் மே 27-ஆம் தேதியே வெளியிட்டது. தணிக்கைக் கெடுவுக்கும் அதே முன்னறிவிப்பைத் தர வேண்டும்.