சர்ச் ஸ்ட்ரீட்டில் 'சர்ச்', ஓசூர் ரோட்டில் 'ரோட்': ஆங்கிலக் கூட்டுச் சொற்களில் அழுத்தம் எங்கே விழும்?

சந்தாபுராவில் பஸ் ஏறி எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்குறதுக்குள்ள இதைப் படிச்சிடலாம். ஓசூர் ரோட், சர்ச் ஸ்ட்ரீட். ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. நாம் ஒரே தாளத்தில்தான் சொல்வோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் அப்படிச் சொல்ல மாட்டார். 'ஸ்ட்ரீட்' என முடியும் பெயரில் முதல் சொல் ஓங்கும். 'ரோட்' என முடிந்தால் 'ரோட்'தான் ஓங்கும். 'எலெக்ட்ரானிக் சிட்டி'யிலும் 'சிட்டி'க்கே முதன்மை அழுத்தம். ஏன் இந்த ஓரவஞ்சனை? வழக்கம் அப்படி, அவ்வளவுதான்.

தெருப் பெயரில் பிசகினால் நஷ்டமில்லை. ஆபீஸ் காலில் கதை வேறு. 'பேக்கப்' பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் 'பேக்' மீது. அதே 'பேக் அப்' வினையானால் அழுத்தம் 'அப்' மீது. செட்டப், லாகின், எல்லாம் இதே கதைதான். அழுத்தம் இடம் மாறினால், எடுத்து வைத்த பேக்கப்பைச் சொல்கிறீர்களா, இனி எடுக்கச் சொல்கிறீர்களா என்று எதிர்முனையில் இருப்பவர் ஒரு கணம் தடுமாறுவார்.

நமக்கு இது ஏன் கஷ்டம்? தமிழில் சொல்லின் பொருளை அழுத்தம் மாற்றுவதில்லை. இரண்டு சொல் ஒன்றாகிவிட்டது என்பதை நாம் பெரும்பாலும் புணர்ச்சியால் காட்டுகிறோம். மரம், பெட்டி சேர்ந்தால் 'மரப்பெட்டி': 'ம்' போகும், 'ப்' வரும். ஆங்கிலத்தில் அந்த 'ப்' செய்யும் வேலையைப் பெரும்பாலும் அழுத்தம் செய்கிறது. 'கிரீன்ஹவுஸ்' என்பதில் 'கிரீன்' ஓங்கினால் செடி வளர்க்கும் கூடாரம். 'ஹவுஸ்' ஓங்கினால் பச்சை பெயின்ட் அடித்த வீடு.

அடுத்தது அசை பிரிப்பு. 'நைட்ரேட்' என்று தமிழில் எழுதினால் அது உரத்தில் இருக்கும் ரசாயனமா, கேப்காரர் கேட்கும் இரவுக் கட்டணமா? எழுத்தில் வித்தியாசமே இல்லை. உச்சரிப்பில் உண்டு. ரசாயனம் என்றால் 'நை' தனி அசை. 'ட்', 'ர்' இரண்டும் ஒட்டிக்கொண்டு அடுத்த அசையில், கிட்டத்தட்ட 'ச்ர' போல ஒலிக்கும். கட்டணம் என்றால் 'நைட்' சட்டென்று நின்றுவிடும், 'ரேட்' புதிதாகத் தொடங்கும். பொதுவாகக் கூட்டுச் சொல்லை எங்கே ஒட்டினார்களோ அங்கேதான் வெட்ட வேண்டும். ஆனால் 'கப்', 'போர்டு' சேர்ந்த சொல் 'கபர்ட்' ஆகிவிட்டது. பழகித் தேய்ந்த சொல் எந்த விதிக்கும் அடங்காது.

இதற்காக 'ஆக்சென்ட்' கோர்ஸில் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது என் கருத்து. தமிழ் வாடை அப்படியே இருக்கட்டும். சந்தேகம் வரும் சொல்லை ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆன்லைன் அகராதியில் தேடுங்கள். உச்சரிப்புக் குறியீட்டில் மேலே ஒரு சின்ன நேர்கோடு இருக்கும். அதற்கு அடுத்து வரும் அசைதான் ஓங்க வேண்டிய அசை.