இருட்டுல மின்னுற டயல்: வாட்ச் வாங்குறதுக்கு முன்னாடி லைட்டை அணைச்சுப் பாருங்க

எமர்ஜென்சி ஃபண்ட் பத்தி வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தப்போ நடுவுல கரண்ட் போயிடுச்சு. அந்த அஞ்சு செகண்டை எடிட் பண்ணாம அப்படியே விட்டேன். அதுல என் கை வாட்ச் மட்டும் பச்சையா மின்னும். ஃபண்ட் பத்திக் கேட்டவங்களை விட, "அது என்ன வாட்ச், இஎம்ஐ-ல கிடைக்குமா?"ன்னு கேட்டவங்கதான் ஜாஸ்தி!

இஎம்ஐ கேள்விக்குக் கடைசியில வர்றேன். முதல்ல அந்தப் பச்சை வெளிச்சத்தைப் புரிஞ்சுக்கலாம். வாட்ச் சேர்க்குறவங்க அதை 'லூம்'னு சொல்வாங்க. இந்த ஒரு விஷயத்தை ஒழுங்கா பார்க்கத் தெரிஞ்சாலே வீணா போற காசுல பாதி மிச்சம்.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வருது?

நூறு வருஷத்துக்கு முன்னாடி டயல்ல பூசினது ரேடியம். துத்தநாக சல்ஃபைடுங்கிற பொருளோட ரேடியத்தைக் கலந்தா, ரேடியத்தோட கதிர்வீச்சு பட்டு அந்தப் பொருள் ராத்திரி பகலா ஒளிரும். அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாதிரியான இடங்கள்ல இளம்பெண்கள்தான் இந்த வேலையைச் செஞ்சாங்க. பிரஷ் முனை கூர்மையா இருக்கணும்னு அதை உதட்டுல வெச்சு முறுக்கச் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ரேடியம் உள்ள போச்சு. தாடை எலும்பு அரிச்சு, பலர் செத்துப் போனாங்க. 1920கள்ல அவங்க போட்ட வழக்குகள், தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் மாறுறதுக்கு ஒரு முக்கியக் காரணம்.

இது பழங்கதை மட்டும் இல்லை. ரேடியத்தோட அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். கூட கலந்த பொருள் சில பத்தாண்டுல தேஞ்சு போறதால டயல் ஒளிராது, ஆனா ரேடியம் அப்படியே இருக்கும். அதனால தாத்தா காலத்து வெளிநாட்டு வாட்ச் பீரோவுல கிடைச்சா, ஆர்வத்துல திறந்து டயலைச் சுரண்டிப் பார்க்காதீங்க. அந்தத் தூள் மூச்சுல போகக் கூடாது.

அப்புறம் ட்ரிடியம் வந்துச்சு. அதோட அரை ஆயுள் 12 வருஷம் சொச்சம்தான், ஆபத்தும் குறைவு. பழைய ஸ்விஸ் டயல்கள்ல ஆறு மணிக்குக் கீழ குட்டியா 'டி' எழுத்து இருந்தா அது ட்ரிடியம். 1990கள்ல ஜப்பானோட நெமோட்டோ கம்பெனி ஸ்ட்ரான்சியம் அலுமினேட்ல செஞ்ச பூச்சு வந்து கதையையே மாத்திடுச்சு. கதிர்வீச்சே கிடையாது. வெளிச்சத்தை வாங்கி வெச்சுக்கிட்டு, இருட்டுல கொஞ்சம் கொஞ்சமா விடும். இன்னைக்கு சூப்பர்-லூமிநோவா, சீக்கோவோட லூமிப்ரைட் எல்லாம் இந்த வகைதான்.

கடையில டார்ச் அடிச்சா நம்பாதீங்க

ஊதா டார்ச்சை டயல் மேல அடிச்சுக் காட்டுவாங்க. முதல் அஞ்சு நிமிஷம் எல்லா வாட்ச்சும் ஜொலிக்கும். மூணு மணி நேரம் கழிச்சு மணி தெரியுதாங்கிறதுதான் கேள்வி. பூச்சு மெல்லிசா இருந்தா சீக்கிரம் மங்கிடும். பக்கவாட்டுல சாய்ச்சுப் பாருங்க, நல்ல லூம் டயல் மேல கொஞ்சம் மேடா தெரியும். பகல்ல வெறும் வெள்ளை பெயின்ட் மாதிரி தட்டையா இருந்தா சந்தேகப்படலாம்.

டிசைனையும் இருட்டுலதான் எடை போடணும். டைவிங் வாட்ச்ல பன்னிரண்டு மணிக்கு மட்டும் முக்கோணம் ஏன்? வாட்ச் தலைகீழா இருந்தாலும் எது மேலன்னு ஒரு நொடியில தெரியணும். செகண்ட் முள்ளு நுனியில ஒரு புள்ளி ஏன்? வாட்ச் ஓடுதா நின்னுடுச்சான்னு தண்ணிக்குள்ள தெரியணும். ஐஎஸ்ஓ 6425ங்கிற தரக் கணக்குப்படி, முழு இருட்டுல 25 செ.மீ. தூரத்துல இருந்து இதெல்லாம் தெரியணும். மணி முள்ளும் நிமிஷ முள்ளும் இருட்டுல ஒரே மாதிரி தெரிஞ்சா, அது என்ன விலையா இருந்தாலும் எனக்கு அது சுமாரான டிசைன்தான்.

நான் ஏமாந்த கதை

பழைய வாட்ச் ஆசை வந்தா நம்ம ஊர்ல எல்லாரும் முதல்ல போறது ஹெச்எம்டி கிட்ட. 1961ல பெங்களூருல, ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி உதவியோட ஆரம்பிச்ச அரசாங்கத் தயாரிப்பு. 2016ல வாட்ச் பிரிவை மூடினதும் ஜனதா, பைலட் மாடல்களுக்கு மவுசு ஏறிடுச்சு. நானும் ஆன்லைன்ல 2,200 ரூபாய்க்கு ஒரு 'ஒரிஜினல் பைலட்' வாங்கினேன். ராத்திரி பார்த்தா நம்பரெல்லாம் புதுசா மின்னுது, முள்ளு ரெண்டும் பழுப்பேறி செத்துக் கிடக்கு. யாரோ டயலைப் புதுசா பெயின்ட் பண்ணி ஏத்திவிட்டிருக்காங்க. டயலும் முள்ளும் ஒண்ணாவே வயசாகணும். முப்பது நாப்பது வருஷத்து வாட்ச்ல டயல் மட்டும் ஜொலிச்சா அதைப் பழைய வாட்ச்னு விலை குடுத்து வாங்காதீங்க.

சரி, காசு கணக்கு

"வாட்ச் ஒரு முதலீடு"ன்னு சொல்றவங்க சில ஸ்விஸ் மாடல்களைக் காட்டுவாங்க. 2021ல செகண்ட் ஹேண்ட் விலை கன்னாபின்னான்னு ஏறுச்சு, 2022 ஆரம்பத்துல உச்சம் தொட்டுச்சு, அப்புறம் இறங்கிடுச்சு. உச்சத்துல வாங்கினவங்க வீடியோ போடுறது இல்லை. அது போக, நீங்களும் நானும் வாங்குற பத்து, இருபதாயிரம் ரூபாய் வாட்ச்சுக்கு அந்தக் கதையே பொருந்தாது. நான் 8,500க்கு வாங்கி ரெண்டு வருஷம் கட்டின வாட்ச் 4,800க்குத்தான் போச்சு. நஷ்டம் 3,700, அதாவது மாசம் சுமார் 154 ரூபாய் வாடகை. அதைச் சந்தோஷமாத்தான் குடுத்தேன், ஆனா செலவுக் கணக்குல எழுதினேன். ("அன்னைக்கு டைட்டன் வாட்ச்சுக்குப் பதிலா டைட்டன் ஷேர் வாங்கியிருந்தா"ங்கிற வாட்ஸ்அப் கணக்கு எனக்கும் வந்துச்சு. நடந்து முடிஞ்சதை வெச்சு யார் வேணா சொல்லலாம்.)

என் பெட்டியில அஞ்சே இடம். ஆறாவது வேணும்னா இருக்கிறதுல ஒண்ணை விக்கணும். விக்கப் போனாத்தான் அதோட உண்மையான விலை தெரியும்.

இப்போ இஎம்ஐ. 'நோ காஸ்ட்'னு போட்டிருந்தாலும், பல கார்டுகள்ல வட்டியைத் தள்ளுபடியா கழிச்சுட்டு, அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டியை உங்க கிட்ட வாங்குவாங்க. வட்டி 800 ரூபாய்னா வரி 144. ப்ராசஸிங் ஃபீஸ் 200னா அதுக்கு வரியோட 236. மொத்தம் 380 ரூபாய் கையை விட்டுப் போகுது. மாசம் 1,500 ஆர்.டி.யில போட்டா எட்டு மாசத்துல 12,000 வந்துடும், கொஞ்சம் வட்டியும் சேரும். அந்த எட்டு மாசத்துல மூணு தடவையாவது மனசு மாறும். எனக்கு மாறியிருக்கு.

அதுக்குள்ள ஒரு வேலை. இருக்கிற வாட்ச்சை இன்னைக்கு ராத்திரி டியூப்லைட்டுக்குப் பக்கத்துல பத்து நிமிஷம் வெச்சுட்டுப் படுங்க. நடுராத்திரி தண்ணி குடிக்க எழுந்திரிக்கும்போது மணி தெரியுதான்னு பாருங்க. எத்தனை மணி வரைக்கும் தெரிஞ்சதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த வீடியோவுல எல்லாத்தையும் வரிசைப்படுத்திப் பார்க்கலாம்.