துருவைச் சுரண்டுவதற்கு முன்

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் கோட்டைபோல மதில் எழுப்பிய கோயிலை 1750இல் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1753இல் மேஜர் லாரன்ஸின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதே ஊரில் முகாமிட்டது. அதனால் பண்ருட்டி முந்திரித் தோப்பிலோ நெய்வேலி பக்கத்துப் பழைய வீட்டுப் பரணிலோ துருவேறிய கைத்துப்பாக்கி ஒன்று அகப்பட்டால் வியப்பதற்கில்லை. அதைப் புதுப்பிக்கலாமே என்று உப்புத்தாளையும் ஆசிட்டையும் தேடும் கைதான் எனக்குக் கவலை தருகிறது. இரும்பு வேலை தெரிந்தவர்கள் நிறைந்த பகுதி இது.

முதலில் உயிர். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில், சுடாமல் விட்ட குண்டு உள்ளேயே கிடக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருமருந்து, ஈரம் படாமலிருந்தால் நூறாண்டு கடந்தும் வெடிக்கும். 2008இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்தவர் அது வெடித்து இறந்தார். பழம்பொருள்களில் நல்ல அனுபவம் உள்ளவர் அவர். ஆகவே விசையை இழுத்துப் பார்க்காதீர்கள், சூடு காட்டாதீர்கள், டிரில் வைக்காதீர்கள்.

அடுத்தது சட்டம். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாத பழைய ஆயுதத்துக்கு மட்டுமே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. சரிசெய்தால் சுடும் என்றால், துருவோடு வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும். உரிமமின்றிச் சுடுகருவியைப் பழுதுபார்ப்பது தனிக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள். தாத்தா வைத்திருந்தது என்பது விலக்கு ஆகாது.

சட்டச் சிக்கல் இல்லாத துப்பாக்கியைத் தேய்த்தாலும் இழப்பு உண்டு. 1928இல் லாகூரில் ஆங்கிலேயக் காவல் அதிகாரி சாண்டர்ஸைச் சுட பகத்சிங் பயன்படுத்திய கோல்ட் கைத்துப்பாக்கி, இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் அருங்காட்சியகத்தில் அடையாளம் தெரியாமல் கிடந்தது. துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய பெயிண்டை நிதானமாக அகற்றியபோது 168896 என்ற எண் வெளிப்பட்டது. அந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். யாரோ முன்பே அதைப் பளபளவென்று தேய்த்திருந்தால்? கம்பெனித் துப்பாக்கிகளின் தகட்டில் இதய வடிவ முத்திரையும் பிற்காலத்தில் சிங்க முத்திரையும் இருக்கும். ஆழமில்லாத கோடுகள் அவை. கம்பி பிரஷ் அவற்றைச் சில நிமிடங்களில் தின்றுவிடும். பித்தளைக் குத்துவிளக்குக்கு ஒத்துவரும் புளி இங்கே ஒத்துவராது. அமிலம் துருவோடு நில்லாமல் நல்ல இரும்பையும் அரிக்கும்.

மண்ணில் கிடைத்ததென்றால் 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பரணில் கிடைத்தாலும் அசைக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லி, ஆயுதம் தெரிந்தவரை வரவழைப்பதே முறை. குழல் காலி, பழுது பார்த்தாலும் சுடாது என்று எழுத்தில் வந்த பிறகு துருவைப் பற்றிப் பேசலாம். அந்தப் பேச்சையும் பட்டறையில் தொடங்காமல், 1930 முதல் உலோகப் பொருள்களைப் பாதுகாத்து வரும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் கூடத்தில் கேட்டுத் தொடங்குங்கள்.