வீட்டுக்குள் ஒரு குளம்

கூடத்தில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, அதில் மீன்களை நீந்தவிட்டுப் பார்க்கவேண்டும் என்ற ஆசை பல குடும்பங்களில் இருக்கிறது. நியாயமான ஆசைதான். நாளெல்லாம் உழைத்து வீடு திரும்புகிறவருக்கு, பச்சை இலைகளினூடே வெள்ளிக் காசுகள் புரளுவதுபோல் மீன்கள் திரும்பும் காட்சி எவ்வளவு இதமானது! ஆனால் கடைக்குப் போகிறவர்கள் முதலில் மீனைப் பார்க்கிறார்கள். பிறகு தொட்டியைப் பார்க்கிறார்கள். தண்ணீரைப் பற்றியும், அதைத் தாங்கப்போகும் தரையைப் பற்றியும் யோசிப்பவர் வெகு சிலரே. யோசிக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழானது என்பதே நமது அபிப்பிராயம்.

முதலில் கொஞ்சம் கணக்குப் போடுவோம். (வாத்தியார் உத்தியோகத்தின் தோஷம் இது, நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.) 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டி 24 கன அடி, அதில் ஏறக்குறைய 680 லிட்டர் ஜலம் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 12 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடியின் எடை சுமார் 125 கிலோ. மணல், கல், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கூட்டினால் 900 கிலோவை எட்டிவிடும். இந்தப் பாரம் முழுவதும் 12 சதுர அடித் தரையில் இறங்குகிறது. அதாவது, சதுர மீட்டருக்குச் சுமார் 800 கிலோ. வீட்டு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் சுமைக் கணக்கோ சதுர மீட்டருக்கு 200 கிலோதான்! இதனால் மாடி உடனே இடிந்து விழுந்துவிடும் என்று பயமுறுத்துவது நமது நோக்கமன்று. ஒரு மூலையில் மட்டும் விழும் பாரத்துக்கும் தளம் முழுவதும் பரவும் பாரத்துக்கும் வித்தியாசம் உண்டு. கீழ்த்தளத்தில் வைத்தால் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. மாடியில்தான் வேண்டுமென்றால், அடியில் சுவரோ உத்தரமோ எங்கே ஓடுகிறது என்று கட்டட எஞ்சினீயரைக் கேட்காமல் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

ஜலத்தின் பாரம் தரையோடு நிற்பதில்லை; பக்கக் கண்ணாடியையும் தள்ளுகிறது. நாம் சொன்ன தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் முன்கண்ணாடியின் மேல் விழும் மொத்த விசை சுமார் 340 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை 3 அடியாக்கினால் அதுவே 760 கிலோவுக்கு மேல் போய்விடும். உயரம் ஒன்றரை மடங்கு; விசையோ இரண்டே கால் மடங்கு. ஆகையால் பெரிய தொட்டி வேண்டுகிறவர்கள் உயரத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவது விவேகம். மீனுக்கும் அதுவே சௌகரியம்: பிராணவாயு ஜலத்தில் கலப்பது மேற்பரப்பின் வழியாகத்தான்.

கண்ணாடித் துண்டுகளை ஒட்டுவதற்கு சிலிக்கோன் பசை வேண்டும். குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்து விற்கும் பசையை வாங்கினால், அந்த மருந்து மீனையும் கொல்லும். ஒட்டிய தொட்டி ஒரு வாரமாவது காயட்டும். பிறகு முற்றத்தில் வைத்து நிரப்பி, இரண்டு மூன்று நாள் கசிகிறதா என்று பார்த்துவிட்டே கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்டாண்டின் மேற்பலகைக்கும் அடிக்கண்ணாடிக்கும் நடுவே ஒரு தெர்மோகோல் தகடு அவசியம். பலகையின் சிறு மேடு பள்ளம் கண்ணாடியை விரிசல்விடச் செய்வதுண்டு.

பெரிய தொட்டிகளில், வழியும் ஜலம் ஒரு குழாய் வழியாகக் கீழேயுள்ள 'சம்ப்' தொட்டியில் விழுந்து, பஞ்சிலும் கற்களிலும் வடிந்து, பம்பினால் மறுபடி மேலே ஏறும். அருமையான ஏற்பாடு, மின்சாரம் இருக்கும் வரையில். மின்சாரம் நின்றதும் மேல்தொட்டியின் மட்டம் இறங்கும். 2 அங்குலம் இறங்கினாலே 56 லிட்டர் கீழே வந்துவிடும். சம்பில் அவ்வளவு இடத்தைக் காலியாக விட்டிராவிட்டால், நடுநிசியில் கூடம் குளமாகிவிடும். அப்புறம் கட்டுரையின் தலைப்பு வேறுவிதமாகப் பலித்துவிடும்! ஏறு குழாயின் வாயை மேற்பரப்புக்கு வெகு ஆழத்தில் வைக்கவும் கூடாது. அதுவே ஜலத்தைத் திருப்பி உறிஞ்சும். காற்றுக்குமிழி விடும் சிறு பம்பு ஒன்றையாவது இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள். 20 டிகிரி வெப்பமுள்ள ஜலம் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிராணவாயு தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை மாதத்தில் மின்சாரம் நின்றால், மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதன் காரணம் இதுவே.

தொட்டி முடிந்தது. மீன் விடலாமா? விடக் கூடாது. பெரும்பாலான மீன்கள் அநியாயமாய்ச் சாவது இந்த இடத்தில்தான்.

லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், கண்ணாடிப் பாத்திரத்தில் பொன்மீனையும் நீர்ச்செடியையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். செடியின் அழுகிய இலைகளால் ஜலம் கலங்கிற்று. குளத்து நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, ஜலம் தெளிந்தது. 1850-இல் இந்த ஆராய்ச்சியை அவர் வெளியிட்டார். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத வேறொரு கூட்டமும் தொட்டிகளில் வேலை செய்கிறது. 1890-ஐ ஒட்டி ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்தக் கூட்டத்தைப் பற்றித் தெளிவுபடுத்தினார். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா பிறக்கிறது; அது விஷம். ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷமே, மீனின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமல் செய்யும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கியபிறகே ஆபத்து நீங்குகிறது.

இந்தச் சிற்றுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதுவரை வெறும் ஜலத்தையும் செடியையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக் குழந்தைகளுக்கு இது பெரிய சோதனைதான். பெரியவர்களுக்கு அதைவிடப் பெரிய சோதனை என்பது நாம் கண்டது. வெகு நாளாக நடந்துவரும் தொட்டியிலிருந்து ஒரு கை கற்களைக் கொண்டுவந்து போட்டால், பாலுக்கு உறை ஊற்றியதுபோல், காரியம் விரைவாகும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் இந்தச் சிற்றுயிர்களும் மாளும். ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றுக்குமிழி விட்டால் அது அகலும். துளிமருந்துப் பரிசோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டிய பிறகு, நாலைந்து மீன்களை விடலாம். மற்றவை மெதுவாக வரட்டும்.

எந்த மீன்? பொன்மீன் குளிர்ந்த ஜலத்துப் பிராணி. நம் கோடைக்கு அதை வாட்டுவானேன்? நம் நாட்டு நதிகளிலேயே அழகிகள் இருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கே ஓடும் ஆறுகள் சிலவற்றில் வாழும், சிவப்புக் கோடு போட்ட 'மிஸ் கேரளா'வை 1865-இல் பிரான்சிஸ் டே விவரித்து எழுதினார். அந்த அழகே அதற்கு வினையாயிற்று. தொட்டி வியாபாரத்துக்காக ஆறுகளில் வாரிப் பிடிக்கப்பட்டு, இன்று அது அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் பொரித்த குஞ்சு என்று கடைக்காரர் உறுதி சொன்னால் மட்டுமே வாங்குங்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்தி, இதற்கு மறுபுறம். ஓரடிக்கு மேல் வளர்ந்து, வைத்திருக்க முடியாமல் ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களின் புண்ணியத்தால், நம் நீர்நிலைகளில் அது பெருகிக் கிடக்கிறது. அதை வாங்கவே வேண்டாம்.

வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு ஜலத்தை, அதாவது 170 லிட்டரை, மாற்ற வேண்டும். பன்னிரண்டு குடத்துக்குக் குறையாது. வாரம் பன்னிரண்டு குடம் சாக்கடையில் கொட்டுகிறோமே என்று வீட்டு அம்மாள் வருந்த நேரிட்டால், கொல்லையைக் காட்டுங்கள். நைட்ரேட் நிறைந்த அந்த ஜலம் மல்லிகைக்கும் வாழைக்கும் நல்ல உரம். ஒரு ரப்பர் குழாயை ஜன்னல் வழியாக விட்டால் குடம் தூக்கும் வேலையும் இல்லை.