நீல மாப்பிள்ளை

என் தங்கை புருஷனுக்கு உடம்பெல்லாம் நீலம். பயப்படாதீர்கள். ஆள் நிஜத்தில் நல்ல மாநிறம், ஆரோக்கியமாக ஒரு பாங்க்கில் வேலை பார்க்கிறார். 2015-ல் கும்பகோணத்தில் நடந்த கல்யாணத்தில் நான் எடுத்த படங்களில் மட்டும்தான் இந்த நீலம். பார்த்த அத்தை, "ஏண்டா, மாப்பிள்ளைக்கு கிருஷ்ணன் வேஷமா போட்டிருந்தா?" என்று கேட்டாள்.

நான் பி.காம். அப்போது ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் டிக் அடித்துக்கொண்டிருந்தேன். முதல் போனஸில் ஒரு டிஜிட்டல் காமிரா வாங்கி, புஸ்தகத்தைப் பிரிக்காமலே கழுத்தில் மாட்டிக்கொண்டு தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டேன். முதல் நாள் ராத்திரி மாப்பிள்ளை அழைப்பு. வீடியோக்காரர் ஹாலஜன் லைட்டைத் தூக்கிப் பிடிக்க, எல்லார் முகமும் மஞ்சள் பூசின மாதிரி விழுந்தது. காமிராவை நோண்டியதில் 'ஒயிட் பாலன்ஸ்' என்று ஒரு மெனு. அதில் ஒரு சின்ன பல்பு படம். அதைத் தட்டினேன். மஞ்சள் போயே போச்சு! பி.சி.ஸ்ரீராம் ஆகிவிட்ட நினைப்பில் தூங்கப் போனேன்.

காலை ஏழு மணிக்குக் காசி யாத்திரை. மாப்பிள்ளை குடை, தடி சகிதம் தெருவில் இறங்கிவிட்டார். இந்த இடத்தில் ஒரு குடும்ப ரகசியம் சொல்ல வேண்டும். என் அப்பாவும் பெரியப்பாவும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தாத்தா வீட்டுக் கொல்லைக் கிணறு யார் பங்கு என்பதில் தகராறு. கிணற்றில் தண்ணீர் வற்றியே ஆறு வருஷமாச்சு என்பது வேறு விஷயம். பெரியப்பா கல்யாணத்துக்கு வந்திருந்தார். வந்து, ஒரு ஓரமாக, காபி கூட வேண்டாம் என்று உட்கார்ந்திருந்தார்.

காசிக்குப் போகிற மாப்பிள்ளையைப் பெண்ணின் அப்பா தேங்காய் கொடுத்துத் திருப்பி அழைத்து வர வேண்டும். என் அப்பா பதற்றத்தில் வெறுங்கையோடு ஓடினார். பின்னாலிருந்து ஒரு குரல்.

"டேய் ராமு, தேங்காயை யார் எடுத்துண்டு வருவா? உங்க தாத்தாவா?"

அப்பா திரும்பினார். பெரியப்பா தேங்காய்த் தட்டோடு நிற்கிறார்.

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தாதானே அண்ணா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சும்மா புன்னகை இல்லை, தோள் குலுங்க. நான் க்ளிக் பண்ணினேன். ஸ்டூடியோக்காரர் அந்த நிமிஷம் மாப்பிள்ளையின் குடையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். ஆக, ஒன்பது வருஷச் சண்டை தீர்ந்ததற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சி என் காமிரா.

சாட்சி பொய் சொல்லிவிட்டது. பல்பு படம் அப்படியே இருந்திருக்கிறது. காலை வெயிலில் காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் என் மூக்குதான் தெரிந்ததே தவிர படம் தெரியவில்லை. சாயங்காலம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் அப்பா, பெரியப்பா, தேங்காய் எல்லாம் ஏக நீலம்.

ஏன் அப்படி? வெளிச்சத்துக்கு ஒரு ஜாதகம் உண்டு ஸார். அதைக் கெல்வின் என்கிற கணக்கில் சொல்வார்கள். மெழுகுவர்த்தி ஏறக்குறைய 1,900. ஹாலஜன் 3,200. பகல் வெயில் 5,500 பக்கம். எண் ஏற ஏற வெளிச்சத்தில் மஞ்சள் குறைந்து நீலம் கூடும். நம் மூளை இதைச் சத்தம் போடாமல் சரி பண்ணிக்கொள்கிறது. வேட்டி எந்த வெளிச்சத்திலும் வெள்ளைதான் என்று அதற்குத் தெரியும். காமிராவுக்கு நாம் சொல்ல வேண்டும். நான் "இது பல்பு வெளிச்சம்" என்று சொல்லிவிட்டதால், இல்லாத மஞ்சளை அடிக்க அது நீலத்தை அள்ளி ஊற்றியிருக்கிறது. 'ஆட்டோ'விலேயே விட்டுத் தொலைத்திருந்தால் இவ்வளவு மோசமாகப் போயிருக்காது.

ஆபீஸில் போட்டோ பைத்தியம் ஒருவர் இருந்தார். படத்தைப் பார்த்து உச் கொட்டினார். "ஜேபெக்கா? ரா-வில் எடுத்திருந்தா ஒரே க்ளிக்ல சரி பண்ணியிருக்கலாமேப்பா."

ரா என்றதும் டெல்லி உளவுத்துறை ஞாபகம் வந்தால் என்னைப் போல்தான் நீங்களும். இது வேறு ரா. பச்சை என்று அர்த்தம். என் பாஷையில் சொல்கிறேன். காமிராவின் சென்ஸார் என்பது வவுச்சர் கட்டு. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒரே ஒரு நிறத்தின் அளவைத்தான் குறித்துக்கொள்கிறது. இந்தக் கட்டை அப்படியே மூட்டை கட்டிக் கொடுத்தால் அது ரா. காமிராவுக்குள்ளேயே ஒரு சின்ன ஆடிட்டர் உட்கார்ந்து, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மற்ற நிறங்களை ஊகித்து, ஒயிட் பாலன்ஸ் போட்டு, கான்ட்ராஸ்ட் ஏற்றி, ஷார்ப் பண்ணி, கடைசியில் பாலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வவுச்சர்களைக் கொளுத்திவிட்டால் அது ஜேபெக்.

மெனுவில் 'ஸ்டாண்டர்டு', 'விவிட்', 'நியூட்ரல்' என்று இருக்கிறதே, அதெல்லாம் இந்த ஆடிட்டருக்கு நாம் கொடுக்கும் உத்தரவு. ஜேபெக்கில் எடுத்தால் உத்தரவு அப்போதே அமல். ரா-வில் எடுத்தால் அது வவுச்சர் மேல் பென்சிலில் எழுதிய குறிப்பு மாதிரி. பிறகு அழித்து எழுதலாம்.

இன்னொன்று, ரவுண்ட் ஆஃப். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். இப்போதைய காமிராக்களில் பெரும்பாலானவை ரா-வில் 14 பிட் எழுதுகின்றன. அதாவது 16,384 படிகள். பைசாவரை எழுதிய கணக்குக்கும் நூறு ரூபாய்க்கு ரவுண்ட் பண்ணிய கணக்குக்கும் உள்ள வித்தியாசம். என் நீலப் படத்தில் பெரியப்பாவின் வேட்டியில் நீலம் 255-ஐத் தொட்டு, அதற்கு மேல் எழுத இடமில்லாமல் நின்றுவிட்டது. சிவப்போ கீழே நசுங்கிக் கிடந்தது. நண்பர் சாஃப்ட்வேரில் இழுத்துப் பார்த்தார். அப்பா முகம் நீலத்திலிருந்து சிமென்ட் கலருக்கு வந்தது. வேட்டியில் திட்டுத் திட்டாகச் சொறி. "இதுக்கு மேல வராதுப்பா" என்றார், டாக்டர் மாதிரி.

இதற்காக ஜேபெக்கைத் திட்ட வேண்டாம். அதன் பரம்பரை பெரிது. படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துக்கட்டும் கணக்குதான் அதன் உயிர். அந்தக் கணக்கை யோசித்தவர் பெங்களூரில் பிறந்த நஸீர் அகமது. 1972-ல் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு எழுதினார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது ஒரு பரிசீலகரின் அபிப்பிராயம்! நடராஜன், கே.ஆர்.ராவ் என்ற இருவரோடு சேர்ந்து 1974-ல் கட்டுரை வெளியிட்டார். இதில் ராவ் நம் கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் 1952-ல் பட்டம் வாங்கியவர். 1992-ல் ஜேபெக் தரம் உருவானபோது இந்தக் கணக்குதான் அஸ்திவாரம். தினம் காலையில் உங்கள் சித்தப்பா அனுப்பும் ரோஜாப்பூ குட்மார்னிங் உங்கள் போனை அடைவதில் கிண்டிக்கும் பங்கு உண்டு.

கல்யாண விபத்துக்குப் பிறகு நான் தீவிர ரா பக்தன் ஆனேன். காலை டிபனைக் கூட ரா-வில் எடுத்தேன். 24 மெகாபிக்ஸல் காமிராவில் ஜேபெக் பத்து எம்.பி.க்குள் முடிந்தால் ரா இருபத்தைந்து, முப்பது என்று போகும். மெமரி கார்டு மத்தியானமே நிரம்பியது. வேகமாகத் தொடர்ந்து அழுத்தினால் காமிரா கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி நின்றது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ரா படத்தை யாராவது உட்கார்ந்து முடித்துக் கொடுக்க வேண்டுமே! நண்பன் மகனின் முதல் பிறந்தநாளுக்கு அறுநூறு ரா எடுத்தேன். "அடுத்த ஞாயிறு கொடுத்துடறேன்" என்றேன். கொடுத்தபோது பையன் எல்.கே.ஜி. யூனிஃபாரத்தில் வந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டான். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பிறந்தநாளுக்கு என்னைச் சாப்பிட மட்டும்தான் கூப்பிட்டான்.

ஆடிட் முடியாத கணக்கு அலமாரியில் இருந்தென்ன, எரிந்தென்ன?

மேலும் ரா ஒன்றும் சர்வரோக நிவாரணி இல்லை. ஃபோகஸ் தவறினால் தவறியதுதான். கை ஆடினால் ஆடியதுதான். வெளிச்சம் அளவுக்கு மீறி வெந்துபோன வேட்டியின் மடிப்பு ரா-விலும் ஓரளவுக்கு மேல் திரும்பாது. காமிராவின் பின்னால் நீங்கள் பார்ப்பது ரா இல்லை, ஆடிட்டர் அவசரமாகப் போட்ட ஜேபெக் நகல் என்பதையும் மறக்கக்கூடாது. அங்கே காட்டும் ஹிஸ்டோகிராமும் அந்த நகலின் கணக்குதான். அதனால் ரா எடுக்கும்போதும் நான் 'நியூட்ரல்' வைத்துக்கொள்கிறேன். 'விவிட்' வைத்தால், வேகாத வேட்டியை வெந்ததாகக் காட்டிப் பயமுறுத்தும்.

பெரிய இடத்திலேயே இதில் ஒருமித்த கருத்து இல்லை. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் தன் ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர்களிடம், ரா-விலிருந்து தயாரித்த படம் வேண்டாம், காமிராவிலேயே ஜேபெக்காக எடுத்ததை அனுப்புங்கள் என்றது. வேகமும் முக்கியம், நம்பகமும் முக்கியம் என்பது கட்சி. வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியிலோ கடைசிச் சுற்றுக்கு வருகிறவர்களிடம் காமிராவிலிருந்து வந்த மூல ஃபைலைக் கேட்கிறார்கள். ஒருவருக்கு பாலன்ஸ் ஷீட் போதும். இன்னொருவர் வவுச்சரைக் காட்டு என்கிறார்.

"என்னிடம் போன்தானே இருக்கு" என்று தப்பிக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் 2014-லிருந்தே ரா-வுக்கு வழி உண்டு. ஐபோனின் புரோ மாடல்களில் அதன் சொந்தக் காமிரா ஆப்பிலேயே 2020 டிசம்பரில் வந்தது. ஆனால் போன் பல ஃபிரேம்களை ஒன்றாகக் கோத்துத்தான் படம் செய்கிறது. அதன் ஆடிட்டர் நம்மைவிடக் கெட்டிக்காரர். நிலவு, விளக்கு என்று அடம் பிடிக்கிற விஷயங்களைத் தவிர மற்றதை அவரிடமே விட்டுவிடலாம்.

இப்போது என் வழக்கம் இது. ஆபீஸ் பிக்னிக், புது பைக், சரவணன் கடை பரோட்டா எல்லாம் ஜேபெக். எடுத்த ராத்திரியே அனுப்பி முடித்துவிடுவேன். திரும்ப நடக்காத காரியம் என்றால் ரா, ஜேபெக் இரண்டும் சேர்த்து. காமிராவைக் கையில் எடுத்ததும் ஒயிட் பாலன்ஸைப் பார்ப்பது, ரோட்டைக் கடக்குமுன் இரண்டு பக்கமும் பார்ப்பது மாதிரி பழகிவிட்டது.

நீலப் படம் என்னாச்சு என்று கேட்பீர்கள். ஒரு ராத்திரி வெறுத்துப்போய் அதிலிருந்த கலர் மொத்தத்தையும் உருவி எறிந்தேன். கறுப்பு வெள்ளை. நீலம் இல்லை, சிமென்ட் இல்லை, சொறி இல்லை. இரண்டு கிழவர்கள், ஒரு தேங்காய், ஒரு சிரிப்பு. பெரிதாக பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டிக் கொண்டுபோய்ப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

கும்பகோணம் வீட்டு ஹாலில் இன்றைக்கும் அது தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாராம்: "ராமு பிள்ளை எடுத்தது. கலர்ல எடுக்கிறதெல்லாம் அவனுக்குப் பிடிக்காது."