ஏரியை ஆழப்படுத்தினால் போர்வெல்லில் தண்ணீர் ஊறுமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, ஒரே நாளில். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் சங்கராபரணி வெள்ளம் அபாய அளவைத் தொட, ரயில்கள் நின்றன. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் இறங்கி, அரசூர், திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஊர்களை மூழ்கடித்தது.

பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே வெள்ளம்தான். ஆனால் வந்த வழி வேறு. சங்கராபரணியில் ஓடியது செஞ்சி மலைப் பக்கத்திலும் நம் ஊர்களிலும் பெய்த மழை. தென்பெண்ணையோ கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, மேலே பல மாவட்டங்களின் மழையைச் சுமந்துகொண்டு வருவது. முதல் வெள்ளத்துக்கு ஏரி வரத்துக் கால்வாயைத் தூர்வாருவது ஓரளவு உதவும். இரண்டாவதுக்கு அணையை எப்போது, எவ்வளவு திறப்பது, கீழே உள்ளவர்களுக்கு எத்தனை மணி நேரம் முன்பு சொல்வது என்பதுதான் முக்கியம். "ஏரியைத் தூர்வாரியிருந்தால் அரசூர் தப்பித்திருக்கும்" என்று சொல்பவர் மனதில் ஒரு படம் இருக்கிறது. அது தவறான படம்.

இப்படி மனதில் இருக்கும் படத்தைத் தாளில் வரைந்து எல்லோர் முன்பும் வைப்பதைத்தான் நீர்வள அறிஞர்கள் 'கருத்துரு மாதிரி' என்கிறார்கள். பெயர்தான் பெரிது. பள்ளிவாசல் ஹவுளை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, உளூச் செய்ய எவ்வளவு போகிறது, எங்கே கசிகிறது? சில கட்டங்கள், சில அம்புக்குறிகள் போதும். கணினி, கணக்கு, டெண்டர் எல்லாம் இதற்குப் பிறகு. அம்புக்குறி தப்பான திசையில் இருந்தால் எவ்வளவு துல்லியமான கணக்கும் தப்பாகத்தான் முடியும்.

நிலத்தடி நீரில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே கண்ணால் எதையும் பார்க்க முடியாது. நம் மாவட்டமோ இரண்டு விதமான பூமி. திண்டிவனமும் அதற்கு மேற்கேயும் கடினப் பாறை. அங்கே தண்ணீர் மேலாக உதிர்ந்துபோன பாறையிலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் தங்கும். பக்கத்து வீட்டில் 200 அடியில் தண்ணீர் வந்து, நம் வீட்டில் 500 அடி போட்டும் புகை மட்டும் வருவது இதனால்தான். கிழக்கே வானூர் நோக்கிப் போனால் பாறை மாறி மணற்கல் வந்துவிடும். திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் கல்லான மரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ஆறு அடித்து வந்து மணலோடு புதைத்த மரங்கள் அவை.

இந்தப் பக்கத்தில் ஆழத்தில் இருக்கும் முக்கியமான நீர்த்தாங்கிக்கு 'வானூர் மணற்கல்' என்றே பெயர். மேற்கே ஒரு பட்டையாக நிலத்தின் மேலேயே தெரியும் இந்த அடுக்கு, தென்கிழக்கே கடலை நோக்கிச் சாய்ந்து ஆழத்துக்குப் போகிறது. போகப்போக அதன் மேல் களிமண் அடுக்குகள் மூடிக்கொள்கின்றன. ஆக, மழை நேராக உள்ளே இறங்கும் வாசல் மேற்கே இருக்கிறது. தண்ணீரை உறிஞ்சும் ஆழ்துளைக் கிணறுகளோ கிழக்கேயும் பெருகிவிட்டன.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். கடலோரத்தில், களிமண்ணுக்கு மேலே ஒரு குளத்தை ஆழப்படுத்தினால் ஆடு மாடுகளுக்கும் மேலாக உள்ள கிணறுகளுக்கும் பயன் உண்டு. ஆனால் ஆழத்தில் உள்ள அடுக்குக்கு அதிலிருந்து பெரிதாக எதுவும் சேராது. அதே பணத்தை மணற்கல் வெளியே தெரியும் பட்டையில் உள்ள ஏரிகளுக்குச் செலவிட்டால் கதை வேறு. 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் கட்டாயமாக்கியது நல்ல காரியம்தான். ஆனால் எந்த மண்ணாக இருந்தாலும் ஒரே அளவுக் குழியைத் தோண்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறோம். களிமண்ணில் அந்தக் குழி வெறும் குட்டைதான்.

உப்பு விஷயமும் இப்படித்தான். வானூர் அடுக்கில் எழுபதுகளுக்குப் பிறகு இறைப்பு பெருகி, நீர்மட்டம் சில இடங்களில் கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. பாரிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பகுதியை ஆராய்ந்தபோது முதலில் செய்தது அடுக்குகளையும் நீரோட்டத்தையும் கருத்துரு மாதிரியாக வரைந்ததுதான். கணினி மாதிரி பிறகுதான் வந்தது. கிணற்றில் உப்பு ஏறினால் நாம் உடனே கடலைக் கைகாட்டுகிறோம். ஆனால் மரக்காணம் அருகே கழுவேலி என்ற பரந்த உவர்நீர் ஏரி இருக்கிறது. 2021ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024ல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. உப்பு அங்கிருந்தும் இறங்கலாம். பாறையிலேயே பழங்காலத்திலிருந்து தங்கிய உப்பாகவும் இருக்கலாம். கடல் என்றால் கடலோர இறைப்பைக் குறைக்க வேண்டும். கழுவேலி என்றால் அதைச் சுற்றிய கிணறுகளைக் கவனிக்க வேண்டும். பழைய உப்பு என்றால் கிணற்றின் ஆழத்தை மாற்றிப் பார்க்கலாம். எந்த அம்பு என்று தெரியாமல் எந்த மருந்தையும் கொடுக்க முடியாது.

நிபுணர் வரைந்த படமும் முடிந்த படமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். புதுக் கிணறு ஒன்று எதிர்பாராத ஆழத்தில் களிமண்ணைக் காட்டினால் படத்தைத் திருத்த வேண்டியதுதான். அதற்கான தகவல் நம் வீடுகளிலேயே இருக்கிறது. வாப்பா காலத்தில் கிணறு எத்தனை அடி, எந்த ஆண்டு போர்வெல் போட்டது, எத்தனை அடியில் என்ன நிறத்தில் மண் வந்தது, எப்போது முதல் சாயாவில் உப்புக் கரித்தது — பெரியவர்களுக்கு, அதிலும் வீட்டுப் பெண்களுக்கு, இதெல்லாம் தெளிவாக நினைவிருக்கும். ஜமாஅத்தில் ஒரு நோட்டுப் போட்டுத் தெருவாரியாக இவற்றை எழுதினாலே பாதிப் படம் வந்துவிடும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். ஏரி வேலைக்கோ புதுக் கிணற்றுக்கோ தீர்மானம் வந்தால், எத்தனை லட்சம் என்று கேட்பதற்கு முன்பு, இந்தத் தண்ணீர் எந்த அடுக்கில் இருக்கிறது, அங்கே எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது என்று கேட்கலாம். அந்த நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.